‘அவங்க என் ஃபிரெண்ட்ஸ்’ என்கிறான் தம்பி, போலிஸுக்குப் போகலாமா?

சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், புளோக் எண் எல்லாம் எடுத்துவிட்டேன், அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய தம்பிக்கு 26 வயது. லேசான அறிவுத்திறன் குறைபாடு உண்டு. சிறப்புப் பள்ளியில் படித்தவர், இப்போது ஓர் உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுக்கும் வேலை. தனியாக பஸ் ஏறிப் போய்வருவார், காப்பி வாங்கிக் குடிப்பார். பணக் கணக்கு மட்டும் பிடிபடாது, யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லவும் வராது. எட்டு மாதங்களுக்கு முன் புளோக் கீழே வாய்டு டெக்கில் உட்காரும் நான்கு இளைஞர்கள் இவரை ‘பாஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் பபிள் டீ வாங்கித் தரச் சொன்னார்கள், பிறகு சிகரெட், அப்புறம் பேநவ்வில், அதாவது பேங்க் கணக்கிலிருந்து ஃபோன் வழியாக, பணம். ஒரு நாள் நாய் மாதிரி குரைக்கச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். இன்னொரு நாள் தலையில் குளிர்பானத்தை ஊற்றினார்கள். ஒரு சனிக்கிழமை இரவு தம்பி ஒற்றை ஷூவோடு வீட்டுக்கு வந்தார், மற்ற காலில் சாக்ஸ் நனைந்து தரையெல்லாம் ஈரம். கேட்டால், ‘சும்மா விளையாட்டுக்கா’. போன மாதம் படிக்கட்டில் தள்ளியதில் முழங்கை வீங்கி பாலிகிளினிக் போக வேண்டி வந்தது. கூப்பிடுவது ‘சியாவ்’ (ஹொக்கியனில் பைத்தியம்), ‘லூசு’ என்று. நால்வரில் ஒருவன் நம் தமிழ்ப் பையன், அவனுடைய அம்மாவும் வாசகியின் அம்மாவும் வெள்ளிக்கிழமை கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருபவர்கள்.

வாசகியின் முக்கியக் கேள்விகள் நான்கு. இது கிண்டலா, குற்றமா? வெளிநாடுகளில் ‘வெறுப்புக் குற்றம்’ என்கிறார்களே, அந்தப் பெயரில் இங்கே புகார் கொடுக்கலாமா? ‘போலிஸுக்குப் போனா நம்ம புள்ளையத்தான் குடைவாங்க’ என்று அம்மா தடுக்கிறாரே, அது சரியா? கடைசியாக, அந்த வீடியோ கைக்கு வந்துவிட்டது, முகங்களோடு டிக்டாக்கில் போட்டால் என்ன?

சரி, உங்களிடமே பேசுகிறேன்.

நீங்கள் எழுதியதில் கிண்டல் என்று சொல்லக்கூடியது எதுவும் என் கண்ணில் படவில்லை. தலையில் பானம் ஊற்றுவது, தள்ளிவிட்டுக் காயப்படுத்துவது, பணம் கறப்பது, அவமானப்படுத்திப் படம் பிடிப்பது, இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனியாக இடம் இருக்கிறது. உங்களைக் குழப்புவது தம்பியின் வார்த்தைதான். ‘அவங்க என் ஃபிரெண்ட்ஸ்’ என்கிறார். இருபத்தாறு வருடத்தில் அவரை ‘பாஸ்’ என்று கூப்பிட்டவர்கள் இவர்கள்தான் என்றால் அவர் வேறு எப்படிச் சொல்வார்? பிரிட்டனில் இந்த வகைக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், ‘மேட் கிரைம்’ என்று. அதாவது, கூட்டாளி வேஷம் போட்டுக்கொண்டு உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்களைச் சுரண்டுவது. தெரியாதவன் அடித்தால் சத்தம் வரும். இதில் பாதிக்கப்படுபவரே அவர்களைக் காப்பாற்றப் பேசுவார், அதனால் வீட்டுக்குத் தெரிய மாதக்கணக்காகிவிடுகிறது.

நீங்கள் இணைத்திருந்த பேங்க் பட்டியலைப் பார்த்தேன். ஏழாம் தேதி சம்பளம் விழுகிறது. எட்டாம் தேதி 12 வெள்ளி, 6 வெள்ளி 80 காசு, 20 வெள்ளி. பத்தாம் தேதி இன்னொரு 20. பதினைந்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. அடுத்த மாதமும் அப்படியே, அதற்கடுத்த மாதமும். உண்மையான கூட்டாளிக்கு மாதக் கடைசியிலும் தாகம் எடுக்கும் இல்லையா? அந்தப் பட்டியல் ஒரு பக்கத் தாள்தான், ஆனால் தம்பியால் வாயால் சொல்ல முடியாததை அது தேதி போட்டுச் சொல்கிறது.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறைதான்

நீங்கள் எட்டு மாதம் காத்திருந்ததற்காக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்த மாதிரி விஷயங்களில் காவல்துறைகளே ஏமாந்திருக்கின்றன. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ஒரு தாய், சிறப்புத் தேவையுள்ள மகளோடு வாழ்ந்தவர், தெருப் பையன்களின் தொல்லையைப் பற்றிப் பத்து வருடத்தில் முப்பது தடவைக்கு மேல் போலிஸைக் கூப்பிட்டார். ஜன்னலில் கல், வேலியில் சேதம், வாசலில் கூச்சல். ஒவ்வொரு அழைப்பும் தனி விஷயமாக, சின்னச் சேட்டையாகப் பதிவானது. 2007-இல் தாயும் மகளும் இறந்தார்கள், 2009-இல் நடந்த மரண விசாரணையில்தான் அத்தனை அழைப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் உடற்குறையுள்ளோர் மீதான வெறுப்புக் குற்றம் என்பதை எல்லாரும் தீவிரமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் போலிஸ் நிலையத்தில் போய் முழங்கைக் காயத்தை மட்டும் சொன்னால் அது ‘ஒரு தள்ளுமுள்ளு’. ஷூவை மட்டும் சொன்னால் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எட்டு மாதத்தையும் ஒரே தாளில், தேதி வரிசையில் கொண்டுபோங்கள்.

‘வெறுப்புக் குற்றம்’ என்று எழுதத் தேவையில்லை

இங்கே உங்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, நிறையப் பேருக்கு இருப்பதுதான். உடற்குறையுள்ளவர் மீதான ‘வெறுப்புக் குற்றம்’ என்ற பெயரில் சிங்கப்பூரில் ஒரு குற்றம் சட்டப் புத்தகத்தில் இல்லை. இனம், மதம் காரணமாகச் செய்த குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டும் பிரிவு இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பாகுபாடு கூடாது என்று சொல்லும்போதும் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்றுதான் பட்டியல் போடுகிறது, உடற்குறை அதில் இல்லை. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை 2013-இல் சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது உண்மை, ஆனால் அதைக் காட்டி நீங்கள் நேரே போலிஸ் நிலையத்தில் வழக்குப் போட முடியாது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 2020 ஜனவரி முதல் தண்டனைச் சட்டத்தில் 74ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பெரும்பாலும் முடியாத ஒருவர் மீது குற்றம் செய்தால், அதிகபட்சத் தண்டனையை இரண்டு மடங்கு வரை கூட்டலாம். வேண்டுமென்றே காயப்படுத்தினால் சாதாரணமாக அதிகபட்சம் மூன்று வருடச் சிறை, 5,000 வெள்ளி அபராதம். இந்தப் பிரிவு பொருந்தினால் ஆறு வருடம், 10,000 வெள்ளி வரை போகலாம். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்திலும் இதே மாதிரி இரட்டிப்பு உண்டு.

இங்கிலாந்தில் தண்டனையைக் கூட்ட வேண்டுமானால், குற்றவாளி உடற்குறை காரணமாகப் பகையைக் காட்டினான் அல்லது பகையால் செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். ‘எனக்கு அவன் மேல வெறுப்பே இல்லை, ஜாலிக்குச் செய்தேன்’ என்று அங்கே தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. இங்கே வெறுப்பைத் தோண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பி எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டினால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார்களா? ‘சியாவ்’ என்று எட்டு மாதமாகக் கூப்பிட்டார்களே! நீங்கள் எழுதும்போது வெட்கப்பட்டு அந்த வார்த்தையைப் பாதியில் புள்ளி வைத்து விட்டிருந்தீர்கள். போலிஸ் புகாரில் அப்படிச் செய்யாதீர்கள், சொன்னது சொன்னபடி முழுதாக வர வேண்டும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தம்பி வேலைக்குப் போகிறார், பஸ் ஏறுகிறார், பேநவ் அனுப்பத் தெரிகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதையெல்லாம் அடுக்கி, ‘தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவரா இவர்?’ என்று கேட்கலாம். நான் அந்தப் பக்கம் இருந்தால் நானே கேட்பேன். அதனால் பழைய பள்ளி அறிக்கை, மனநல நிபுணர் எப்போதோ செய்த சோதனையின் முடிவு, எது கிடைத்தாலும் தேடி எடுங்கள். பத்து வருடப் பழசாக இருந்தால் புதிதாக ஒன்று எடுப்பது நல்லது. இந்த இரட்டிப்பு கிடைக்காமல் போனாலும் அடித்தது அடித்ததுதான், வழக்கு விழுந்துவிடாது.

அந்த ஒற்றை வரி

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஷூ விஷயத்துக்கும் அம்மா விஷயத்துக்கும் நடுவில், ஒரே ஒரு வரி போகிற போக்கில் வருகிறது: ‘ஒருத்தன் தம்பியைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் அவன் ஐசியில ஒரு சிம் கார்டு எடுத்தான்.’

அதாவது, தம்பியின் அடையாள அட்டையைக் காட்டி. எனக்கு மொத்தக் கடிதத்திலும் தூக்கம் கெடுத்தது இந்த வரிதான். மோசடிக் கும்பல்களுக்கு மற்றவர் பெயரில் சிம் கார்டும் பேங்க் கணக்கும் சிங்பாஸும் (அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) வேண்டும், அதற்கு உங்கள் தம்பி மாதிரி ஆட்களைத்தான் தேடுவார்கள். அந்த எண்ணிலிருந்து யாரோ ஒரு பாட்டியை ஏமாற்றினால் போலிஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில். தன் பெயரில் எடுத்த சிம் கார்டைத் தவறான காரியத்துக்கு என்று தெரிந்தே அல்லது சந்தேகப்பட வாய்ப்பிருந்தும் கொடுப்பது 2025 ஜனவரி முதல் குற்றம். சிங்பாஸ் விவரத்தை அப்படிக் கொடுப்பதைக் குற்றமாக்கியும் சட்டம் வந்துவிட்டது. தம்பிக்கு அந்த நோக்கம் இல்லை என்று நீங்களும் நானும் சொல்லலாம், ஆனால் அதை அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன்னால் நாமே போய்ச் சொன்னால் அதன் எடையே வேறு. இன்றைக்கே அந்த எண்ணை ரத்து செய்யுங்கள், சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். போலிஸ் புகாரிலும் இது கட்டாயம் வர வேண்டும். அம்மாவிடம் ‘போலிஸுக்குப் போகாமல் இருப்பதுதான் இப்போது ஆபத்து’ என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

டிக்டாக் வேண்டாம்

ஆத்திரம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாளம் தெரியும்படி வெளியிடுவது, டாக்ஸிங் என்கிறார்களே, 2020 முதல் குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது நீங்களே எதிராளி கையில் ஒரு புகாரைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, அந்த வீடியோவில் குரைப்பது உங்கள் தம்பி. ஊரெல்லாம் அதைப் பார்க்க வேண்டுமா என்று அவரைக் கேட்டீர்களா?

வீடியோவை வெட்டாமல், மேலே எழுத்து எதுவும் சேர்க்காமல், வந்தபடியே இரண்டு இடத்தில் சேமியுங்கள். யார் அனுப்பினார்கள், எந்தத் தேதி என்று தெரியும்படி அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் விட்டுவையுங்கள்.

அம்மாவின் பயம்

அம்மா சொல்வதில் பாதி சரி. விசாரணை அதிகாரி தம்பியிடம் கேள்வி கேட்கத்தான் செய்வார், அதுவும் தேதி, நேரம், வரிசை என்று அவருக்கு வராத விஷயங்களையே கேட்பார். ஆனால் தனியாக உட்கார வைத்துக் குடைவார்கள் என்பது பழைய பயம். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் உள்ளவர்களை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். ‘அப்ரோப்ரியட் அடல்ட்’ திட்டம் என்று கேளுங்கள், அதிகாரிக்குத் தெரியும். அவர் வழக்கறிஞர் இல்லை. கேள்வி புரிகிறதா, தம்பி களைத்துப் போய்விட்டாரா என்று கவனித்து, தேவையானால் எளிதாக்கிச் சொல்ல உதவுவார். புகார் கொடுக்கும்போதே தம்பியின் நிலையைச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. நன்றாகப் பேசுகிறவர், சிரித்த முகம், பார்த்தால் தெரியாது.

கோயில் விஷயத்துக்கு என்னிடம் சட்டம் இல்லை. அந்தப் பையனின் அம்மாவிடம் முன்கூட்டியே பேசிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். புகார் கொடுப்பதற்கு முன் பேசாதீர்கள் என்பேன், பேசிய அன்றே நால்வருடைய ஃபோனிலிருந்தும் எல்லாம் அழிந்துவிடும். கொடுத்த பிறகு உங்கள் அம்மா விரும்பினால் அவரே சொல்லட்டும்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் முழுக்க ‘நான் முடிவெடுத்துவிட்டால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு 26 வயது. நம் மனநலத் திறன் சட்டப்படி, வயது வந்த ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருப்பதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், தப்பான முடிவெடுக்கிறார் என்பதாலேயே திறன் இல்லை என்று ஆகிவிடாது. அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். ‘அவங்க கெட்டவங்க’ என்று ஆரம்பித்தால் வாயை மூடிக்கொள்வார். ‘ஷூ போனப்ப எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே, எப்படி

அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்துக்கு நேரே போகலாம், இணையத்திலும் புகார் பதியலாம். நான் நேரே போகச் சொல்வேன், தாளையும் பேங்க் பட்டியலையும் பாலிகிளினிக் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு. ‘தம்பியைக் கேலி செய்தார்கள்’ என்று எழுதாதீர்கள். ‘சனிக்கிழமை இரவு சுமார் ஒன்பது மணி, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், தொப்பி போட்டவன் குளிர்பானத்தைத் தலையில் ஊற்றினான், உயரமானவன் ஃபோனில் படம் எடுத்தான், இருவரும் “சியாவ், லூசு” என்றார்கள்’ என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. புளோக்கில் போலிஸ் கேமரா இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், பதிவுகள் காலாகாலத்துக்கும் இருக்காது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். புகார் எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இதில் சில குற்றங்களுக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது, ‘மாஜிஸ்திரேட்டிடம் முறையிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பவும் கூடும். அதற்கு அர்த்தம் போலிஸ் கண்டுகொள்ளாது என்பதில்லை. பணம், சிம் கார்டு, காயம் மூன்றும் ஒரே புகாரில் இருந்தால் படம் வேறு. சமூக சமரச நிலையத்துக்குப் போகச் சொன்னால் நான் தயங்குவேன். மேல்வீட்டு நாற்காலிச் சத்தத்துக்குச் சமரசம் நல்ல வழி. நான்கு பேர் ஒரு பக்கம், ‘முடியாது’ சொல்லத் தெரியாதவர் ஒரு பக்கம் என்றால் அந்த மேசையிலும் தம்பி தலையாட்டிவிட்டுத்தான் வருவார்.

போலிஸ் வழக்கு ஒருபுறம் நடக்க, துன்புறுத்தல் வழக்குகளுக்கென்றே 2021 ஜூனில் தொடங்கிய நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். கிட்டே வரக்கூடாது, தொடர்புகொள்ளக்கூடாது, வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட முடியும். அவசரம் என்றால் விரைவுப் பாதுகாப்பு ஆணை உண்டு, வன்முறை ஆபத்து இருக்கும் மனுவை 24 மணி நேரத்துக்குள் விசாரிப்பதுதான் அவர்களுடைய இலக்கு. எதிராளிகளின் பெயர் தெரிந்திருந்தால் இது எளிது, தமிழ்ப் பையன் பெயராவது உங்களிடம் இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்தால் புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பு நடத்தும் இலவச ஆலோசனையில் முதலில் கேளுங்கள்.

யாரிடமாவது பேச மட்டும் வேண்டுமென்றால், வன்முறை, துன்புறுத்தலுக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, இரவு பகல் பாராமல் எடுப்பார்கள். அவசரத்துக்கு 999. பேச முடியாத சூழலில் 70999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், அதைத் தம்பியின் ஃபோனில் பதிந்து, எப்படி அனுப்புவது என்று இரண்டு மூன்று தடவை எழுதிப் பழக்குங்கள், அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்திவிடாமல்.

அடுத்த ஏழாம் தேதிக்கு முன்னால் பேங்கில் பேசி, பேநவ் தினசரி வரம்பைக் குறைத்துவிடுங்கள். தம்பியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அது அவர் தட்டு எடுத்துச் சம்பாதித்த பணம். அந்த மீதி ஒற்றை ஷூவை அம்மா இன்னும் குப்பையில் போடவில்லை என்றால், ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.